வீடடங்கிக் கிடந்த வருஷமும் நிட்டிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதற்குப் பின் வந்த ஒரு வருஷத்தைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கழித்தவர்களில் நானும் ஒருத்தி. கம்பளி நூலும் இரண்டு ஊசியும் என் கைக்கு வந்தது அப்போதுதான். உறவினர்கள், நண்பர்கள், புதிதாக ஊசி பிடிப்பவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். வீட்டைப் பற்றிய கேள்விகளும் நூலைப் பற்றிய கேள்விகளும் கலந்துதான் வரும். பிரித்து அடுக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை.

எத்தனையோ பொழுதுபோக்கு இருக்க, ஏன் நிட்டிங்?

உண்மையான காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் எல்லோரும் எந்நேரமும் இருந்தார்கள். நான் புத்தகம் எடுத்தால் "சும்மாதானே இருக்கே" என்று கூப்பிட்டார்கள். போனைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுகிறவளை யாரும் கூப்பிடுவதில்லை. "முப்பத்தேழு, முப்பத்தெட்டு" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் போதும், வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார். எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. பாதி நேரம் ஒன்றும் ஆகாது என்று நானும் சொன்னதில்லை.

கூட்டம் நிறைந்த வீட்டில் தனியாக இருக்க ஒரு நியாயமான காரணம் வேண்டியிருந்தது. நிட்டிங் அதைக் கொடுத்தது. அழகுணர்ச்சி, கைவினை ஆர்வம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

இன்னொன்றும் உண்டு. வீட்டு வேலைக்கு முடிவே கிடையாது. கழுவிய பாத்திரம் அடுத்த வேளைக்குள் திரும்பவும் தொட்டியில் கிடக்கும், பெருக்கிய தரை மாலைக்குள் அழுக்காகும். எல்லோரும் வீட்டில் இருந்தபோது இந்தச் சுற்று இன்னும் வேகமாகச் சுற்றியது. நேற்றுப் பின்னிய பத்து வரிசை மட்டும் இன்றும் பத்து வரிசையாகவே இருந்தது. செய்த வேலை செய்தபடி நிற்பதைப் பார்க்க எவ்வளவு ஆறுதல் என்பது அந்த வருஷத்தில் வீட்டை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

மனசை அமைதிப்படுத்தும் என்கிறார்களே, ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2013-ல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. நிட்டிங் செய்கிற 3500-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டிருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் சந்தோஷமாகவும் உணர்வதாகச் சொல்லும் போக்கு அதில் தெரிந்தது. ஆனால் பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நிட்டிங்கை விரும்புகிறவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். பிடிக்காமல் பாதியில் விட்டவர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஆகவே அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அனுபவத்தில், கவலையை அது போக்கவில்லை. செய்தியைப் பார்க்கவிடாமல் இரண்டு கையையும் பிடித்துவைத்தது. ஊசியைக் கீழே வைக்காமல் போனை எடுக்க முடியாது, வரிசை முடியாமல் ஊசியை வைக்க மனசு வராது. பலன் அந்த இடைவெளியில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவ்வளவு நேரம் எங்கிருந்து கிடைத்தது?

கிடைக்கவில்லை. 2020 என்றதும் எல்லோருக்கும் நேரம் கொட்டிக் கிடந்ததாக ஒரு கதை உருவாகிவிட்டது. மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள், பொருட்களைச் சுமந்து வீடுவீடாகக் கொடுத்தவர்கள், குப்பை அள்ளியவர்கள் ஊசி பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. வேலை போய் அடுத்த மாதத்தை எப்படித் தள்ளுவது என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு நேரம் இருந்தது, ஆனால் அது வேறு மாதிரி நேரம். வீட்டிலிருந்தே சம்பளம் வாங்க முடிந்த, வீட்டில் யாரும் படுக்கையில் விழாத ஆட்களுக்குத்தான் அந்தக் "கொட்டிக் கிடந்த நேரம்" வாய்த்தது. நான் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருந்தேன்.

அப்படியிருந்தும் எனக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு நேரம்தான். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம், போனில் யாருக்காகவோ காத்திருக்கும் நேரம், தூக்கம் வராத ராத்திரி. நிட்டிங்குக்கு அது போதும். வரிசையின் நடுவில்கூட நிறுத்திவிட்டு எழுந்து போகலாம்.

நிட்டிங்கும் குரோஷேவும் ஒன்றா?

இல்லை. குரோஷேவில் ஒரே கொக்கி ஊசி, ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான், அதாவது நூல் வளையம்தான், உயிரோடு இருக்கும். நிட்டிங்கில் இரண்டு ஊசி, ஒரு வரிசைக் கண்ணி முழுக்க ஊசியில் திறந்தபடி நிற்கும். அதனால் நிட்டிங்கில் ஊசி உருவிக்கொண்டால் பயம் அதிகம். பதிலுக்கு நிட் துணி மெல்லியது, நன்றாக இழுபடும்.

நிட்டிங்கை இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். நீங்கள் இப்போது போட்டிருக்கும் டி-ஷர்ட்டும் இயந்திரம் நுணுக்கமாகப் பின்னிய நிட் துணிதான். குரோஷே இன்னும் கைவேலையாகவே இருக்கிறது. கடையில் மிக மலிவாக ஒரு குரோஷே உடுப்பைப் பார்த்தால், அதைச் செய்த கைக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைகள் மூடியிருந்தபோது நூலுக்கு என்ன செய்தீர்கள்?

பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தேன். இது பலருக்கும் தெரிந்த வழிதான், ஆனால் எந்த ஸ்வெட்டரைப் பிரிக்கலாம் என்று தெரியாமல் கத்தரியைத் தூக்கக் கூடாது.

ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்பி விலாத் தையலைப் பாருங்கள். ஓரத்தை வெட்டி, பிசிறு தெரியாமல் ஓவர்லாக் தையல் போட்டிருந்தால் தொடாதீர்கள். துணியாகப் பின்னிப் பிறகு வெட்டித் தைத்தது அது. பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித் துண்டாக வரும். வெட்டப்படாத ஓரங்களைச் சங்கிலி மாதிரி இணைத்திருந்தால் அதிர்ஷ்டம், நூல் அறுபடாமல் வரும். முதலில் தையல்களைப் பிரித்து முன், பின், கை என்று தனித்தனியாக எடுங்கள். அப்புறம் கழுத்துப் பக்கத்திலிருந்து, அதாவது பின்னி முடித்த முனையிலிருந்து இழுங்கள். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும்.

வரும் நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருள் நேராகும். சுருளோடு பின்னினால் கண்ணிகள் ஒரே அளவாக விழாது. ரோமம் எழும்பி ஒன்றோடொன்று பிசின்போல ஒட்டிக்கொண்ட கம்பளி ஸ்வெட்டர் பிரியாது. அதை வெட்டிக் கையுறையோ பையோ தைத்துக்கொள்ளலாம்.

ஊசி கிடைக்காவிட்டால்?

ஒரே தடிமனில் இரண்டு மூங்கில் குச்சி. முனையைச் சீவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்து, மறுமுனையில் ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நடுத்தர நூலுக்குச் சரி.

பார்சலில் வந்த நூலைத் தனியாக எடுத்துவைத்தீர்களாமே?

ஆமாம், மூன்று நாள் பால்கனியில். அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள், மளிகைப் பைகளைக்கூடத் துடைத்தோம். பொருட்களின் மேற்பரப்பு வழியாகத் தொற்று பரவும் ஆபத்து மிகக் குறைவு என்பது பிறகுதான் தெளிவானது. தொற்றுப் பட்ட மேற்பரப்பை ஒரு முறை தொட்டால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதற்குள் என் நூல் நிறையவே காற்று வாங்கியிருந்தது.

முதலில் என்ன பின்னலாம்?

கழுத்துத் துண்டு. அளவு தப்பினாலும் யாருக்கும் தெரியாது.

எல்லா வரிசையையும் நிட் கண்ணியாகவே போடுங்கள். இதைக் கார்ட்டர் பின்னல் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாக வரும், ஓரம் சுருளாது. ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று மாற்றிப் போட்டால் கடைகளில் பார்க்கிற வழவழப்பான முகம் வரும். அது ஸ்டாக்கிங் பின்னல். பார்க்க அழகு, ஆனால் ஓரங்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். முதல் துண்டை ஸ்டாக்கிங் பின்னலில் போட்டுவிட்டு "நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்" என்று வருந்துகிறவர்கள் ஏராளம். தப்பே இல்லை, அந்தத் துணியின் சுபாவம் அப்படி. இஸ்திரி போட்டாலும் முழுசாகப் போகாது. பர்ல் என்பது தனி வித்தை இல்லை, நிட் கண்ணியின் முதுகுதான் பர்ல். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நூல் நடுத்தரத் தடிமனில், வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. பருத்தி நூல் தொடக்கத்துக்குச் சரிவராது, அதற்கு நீட்சி இல்லை, கை சீக்கிரம் சலிக்கும்.

மாதிரித் துண்டு கட்டாயம் பின்ன வேண்டுமா?

கழுத்துத் துண்டு, சால்வை என்றால் வேண்டாம். உடம்பில் பொருந்த வேண்டியது எதுவானாலும் கட்டாயம் வேண்டும்.

கணக்கு எளிது. 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று பின்னல் குறிப்பு சொல்கிறது, மார்பளவு 100 சென்டிமீட்டர் என்றால் 200 கண்ணி போடுவீர்கள். உங்கள் கை தளர்வாக விழுந்து 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 200 கண்ணி 111 சென்டிமீட்டர் ஆகிவிடும். இறுக்கிப் போட்டு 22 வந்தால் 91 சென்டிமீட்டர். இரண்டு கண்ணி வித்தியாசத்தில் ஸ்வெட்டர் வேறு ஆளுக்குப் போய்விடுகிறது. 10 சென்டிமீட்டரைவிடப் பெரிய சதுரமாகப் பின்னி, கழுவிக் காயவைத்து, நடுப்பகுதியை அளந்து பாருங்கள். ஊசியை மாற்றினால் சரியாகும்: தளர்வாக வந்தால் மெல்லிய ஊசி, இறுக்கமாக வந்தால் தடித்த ஊசி.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. என் கை ஒரே இறுக்கத்தில் இருந்ததில்லை. அத்தைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் போட்ட வரிசைகள் ஊசியில் நகரவே நகராத அளவுக்கு இறுகிப்போயிருந்தன. அந்த இடத்தில் துணி கொஞ்சம் இடுங்கியிருக்கும், விரல் வைத்தால் தெரியும். கவலையாக இருக்கும் நாளில் அளவு முக்கியமான எதையும் தொடாதீர்கள். துண்டு பின்னுங்கள்.

கண்ணி நழுவிவிட்டால்?

ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நழுவிய கண்ணியில் உடனே ஒரு ஊக்கை மாட்டுங்கள். அதற்கு மேல் அது ஓடாது. பிறகு குரோஷே ஊசியால் ஏணிப்படி போல் தெரியும் குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாகக் கண்ணி வழியே மேலே இழுத்துக்கொண்டு வரலாம்.

சிக்கலான பின்னல் என்றால் பத்துப் பதினைந்து வரிசைக்கு ஒரு முறை, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூலைக் கோத்து விட்டுவிடுங்கள். பிரிக்க நேர்ந்தால் பிரிப்பு அந்த நூலோடு நின்றுவிடும்.

அந்த வருஷச் சால்வை பற்றிச் சொல்லுங்கள்.

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். விஷயம் இதுதான்: ஒரு நாளுக்கு இரண்டு வரிசை, நாளைப் பொறுத்து நிறம்.

யோசனை என்னுடையதல்ல. அன்றன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம் வைத்துப் போர்வை பின்னுவது பல காலமாக நடக்கிறது. 2018-ல் ஜெர்மனியில் ஒரு பெண், தினமும் ரயில் எவ்வளவு தாமதம் என்பதை வைத்து ஒரு கழுத்துத் துண்டு பின்னினார். ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் சாம்பல், அரை மணி வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் சிவப்பு. அது ஏலத்தில் 7550 யூரோவுக்குப் போனது, பணம் ரயில் பயணிகளுக்கு உதவும் தொண்டுக்குக் கொடுக்கப்பட்டது.

என் சால்வையில் வானிலைக்கு வேலையில்லை, வெளியே போனால்தானே வானிலை. நான் வைத்த கணக்கு: வீட்டிலிருந்து யாரும் வெளியே போகாத நாள் சாம்பல். யாராவது ஒருவர் போய் வந்த நாள் மஞ்சள். வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்த நாள் சிவப்பு. மார்ச்சிலிருந்து மார்ச் வரை.

இப்போது விரித்துப் பார்த்தால் முதல் பகுதி சாம்பல் வெளிதான், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடுகள். போகப் போக மஞ்சள் அடர்த்தியாகிறது, பிறகு திரும்பவும் சாம்பல். சிவப்பு எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடுவார்கள். முதல் சிவப்பு குழாய் ரிப்பேருக்கு வந்தவர். மாஸ்க் போட்டுக்கொண்டு, எல்லா ஜன்னலும் திறந்திருக்க, எங்கள் வீட்டுக்குள் வந்து நின்ற அந்த மனிதரைப் பிள்ளைகள் ஏதோ விண்வெளியிலிருந்து வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியாது, சால்வையில் தனக்கு ஒரு கோடு இருப்பதும் தெரியாது.

நீங்களும் செய்ய நினைத்தால் இரண்டு தொழில் நுணுக்கம். முதலாவது, நாளுக்கு ஒரு வரிசை வேண்டாம், இரண்டு வரிசை வையுங்கள். கார்ட்டர் பின்னலில் இரண்டு வரிசை சேர்ந்தால்தான் ஒரு மேடு. நிற மாற்றமும் எப்போதும் ஒரே ஓரத்தில் வரும், ஒரு பக்கம் கோடுகள் சுத்தமாக இருக்கும். இரண்டாவது, நீளத்தை முன்கூட்டிக் கணக்குப் போடுங்கள். 365 நாளுக்கு 730 வரிசை. 10 சென்டிமீட்டருக்கு 40 வரிசை என்றால் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சரியான சால்வை நீளம். தடித்த நூலில் தொடங்கினால் வருஷக் கடைசியில் அது சால்வையாக இருக்காது, தரைவிரிப்பாகிவிடும்.

எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருந்தது நெருக்கத்தைக் கொண்டுவந்ததா?

சில நாள் கொண்டுவந்தது. பல நாள் எரிச்சலைக் கொண்டுவந்தது. ஒருவர் மெல்லும் சத்தம் இன்னொருவருக்குத் தெரியாமலே பல வருஷம் குடும்பம் நடந்திருக்கிறது, அது நல்ல ஏற்பாடு என்று அப்போதுதான் புரிந்தது.

சண்டை பெரும்பாலும் பெரிய விஷயத்துக்கு வரவில்லை. யார் சார்ஜரை எடுத்தது, யார் எந்த அறையில் பேசுவது, ஒரே மேஜையில் யாருக்கு முதல் உரிமை. அதற்கு அடியில் உண்மையான கேள்வி ஒன்று கிடந்தது: எல்லோரும் வீட்டிலேயே இருக்கும்போது வீட்டு வேலை ஏன் இன்னும் ஒருத்தியின் வேலையாகவே இருக்கிறது? அலுவலகம், பள்ளி என்று எல்லோரும் போய்விடும் நாட்களில் அந்தக் கேள்விக்கு ஒரு சாக்கு இருந்தது. 2020-ல் சாக்கு போய்விட்டது. என் வீட்டில் இதற்குப் பாதி பதில்தான் கிடைத்தது. துணி துவைப்பதும் பாத்திரமும் கைமாறின, என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது மட்டும் கைமாறவில்லை.

நெருக்கம் வந்ததாகச் சொன்ன நாட்களும் பொய்யில்லை. மகள் நூல்கண்டைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்ற, இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த பொழுதுகள் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லு, என்ன பிரச்சினை" என்று கேட்டால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். கண்கள் நூலில் இருக்கும்போது தானாகச் சொன்னாள், பள்ளித் தோழி பேசாமல் போனதை.

வீடியோ மீட்டிங்கில் பின்னலாமா?

கேமரா தோளுக்கு மேல் காட்டுகிற மாதிரி இருந்தால் தாராளமாக. ஆனால் உலோக ஊசி வேண்டாம், அதன் டிக் டிக் சத்தத்தை மைக் பிடித்துவிடும். மூங்கிலோ மரமோ சத்தமில்லை. இரண்டு ஊசியையும் ஒரு வடத்தால் இணைத்த வட்ட ஊசி இன்னும் நல்லது, பாரம் மடியில் விழும், பக்கத்தில் இருப்பவரை முழங்கை இடிக்காது. எண்ண வேண்டிய பின்னல் எடுக்காதீர்கள். கேள்வி உங்களிடம் வரும்போது வாயில் எண்தான் இருக்கும்.

ஆண்கள் பின்னுவார்களா?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நிட்டிங் கைவினைஞர் சங்கங்களில் ஆண்கள்தான் உறுப்பினர்கள். இந்தக் காலத்துக்கு வந்தால், பிரிட்டனின் டைவிங் வீரர் டாம் டேலி 2020-ல் ஊசி பிடித்தவர். ஒரு வருஷம் தள்ளி 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், மெடலில் கீறல் விழாமல் இருக்கத் தானே ஒரு பை பின்னினார், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பெண்களில் மிஷெல் ஒபாமாவும் பெருந்தொற்றுக் காலத்தில்தான் கற்றுக்கொண்டார்.

இதே பேச்சில் யாராவது அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் கையுறையை இழுப்பார்கள். 2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்பில் அவர் போட்டிருந்தது பின்னியது அல்ல, பழைய கம்பளி ஸ்வெட்டர்களை வெட்டித் தைத்தது. மேலே சொன்ன பிரியாத ஸ்வெட்டருக்கு நல்ல உதாரணம்.

மாஸ்க் பின்னலாமா?

கூடாது. நிட் துணி முழுக்க ஓட்டை. 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் துணி மாஸ்க்குக்கு மூன்று அடுக்காவது வேண்டும் என்று சொன்னது, அதுவும் நெருக்கமாக நெய்த துணி போன்றவற்றை மனதில் வைத்து. பின்னல்காரர்கள் உதவியது வேறு இடத்தில்: இரண்டு முனையிலும் பொத்தான் வைத்த சின்னப் பட்டைகள். மாஸ்க் நாடாவைக் காதுக்குப் பதில் தலைக்குப் பின்னால் அந்தப் பொத்தானில் மாட்டிக்கொள்ளலாம். நாள் முழுக்க மாஸ்க் போட்டு நின்ற செவிலியர்களின் காதுகளுக்கு அது பெரிய உபகாரம். ஒரு சாயங்காலத்தில் இரண்டு மூன்று முடித்துவிடலாம்.

மற்றவர்களுக்குப் பின்னிக் கொடுப்பது உண்மையிலேயே உதவியா?

கேட்டுவிட்டுச் செய்தால் உதவி. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ பரவியபோது, தாயை இழந்த கங்காரு குட்டிகளுக்குப் பை வேண்டும் என்று வேண்டுகோள் வந்தது. உலகம் முழுக்கப் பின்னினார்கள், தைத்தார்கள். சீக்கிரமே "போதும், அனுப்பாதீர்கள்" என்று சொல்லும் அளவுக்குக் குவிந்தது. பின்னுகிறவரின் ஆசைக்கும் பெறுகிறவரின் தேவைக்கும் நடுவில் ஒரு போன் கால் இருக்க வேண்டும்.

சரியாக அமைந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020-ல் பிரிட்டனில் பலர் சின்ன இதயங்களை ஜோடி ஜோடியாகப் பின்னினார்கள். ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளியிடம், அதன் ஜோடி பார்க்க வர முடியாத குடும்பத்திடம். அதைப் படித்தபோது அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஒன்றும் பின்னி அனுப்பவில்லை, வாங்கிக் கொடுக்க அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை. தினமும் ஒரு முறை போன் வரும், அதற்காக உட்கார்ந்திருப்போம். காரியத்தைத் திரையில் பார்த்தோம். துக்க வீட்டில் பின்னலாமா என்று ஒருவர் என்னிடம் தயங்கிக் கேட்டார். பின்னலாம். கையை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும்போது கைக்கு ஒரு வேலை.

குழந்தைகளுக்கு எந்த வயதில் சொல்லித்தரலாம்?

கைவேலைக்கும் முக்கியத்துவம் தரும் வால்டார்ஃப் பள்ளிகளில் ஆறேழு வயதிலேயே நிட்டிங் கற்றுத்தருகிறார்கள். வீட்டில் முதலில் ஊசி இல்லாமல் விரலிலேயே கயிறு பின்னச் சொல்லுங்கள், தடித்த நூலில். ஒரு மீட்டர் கயிறு வந்ததும் உற்சாகம் வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். என் மகனுக்கு வரவில்லை. நூலை வைத்து அறை முழுக்கப் பொறி கட்டினான்.

கை வலிக்கிறதே?

நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து விரல்களை விரித்து மடக்குங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள். மரத்துப்போவதும் ராத்திரி வலியும் தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள், ஊசியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எப்படித் துவைப்பது, எப்படி வைப்பது?

கம்பளியைச் சூடும் உராய்வும்தான் சுருக்கும். நூலிழையின் மேல் செதில்கள் உண்டு, வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு துணி கெட்டியாகிவிடும், திரும்பாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுங்கள். தரையில் பரப்பி அளவுக்கு இழுத்துவிட்டுக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும். அக்ரிலிக் என்றால் இவ்வளவு உபசாரம் தேவையில்லை.

பூச்சி விஷயம்: அரிப்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. கம்பளியில் இருக்கும் கெரட்டின்தான் அதற்கு உணவு, வியர்வையும் கறையும் பட்டிருந்தால் இன்னும் ருசி. ஆகவே துவைத்துவிட்டு, மூடிய பையில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் பையோடு சில நாள் ஃப்ரீசரில் போடலாம்.

வெளியே போக ஆரம்பித்ததும் பாதியில் நின்றுவிட்டது. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

ஊசியில் கண்ணியோடு மூட்டைக்குள் கிடக்கும் எத்தனையோ துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் உங்களுக்கு அது தேவைப்பட்டது, இப்போது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். முடிக்கும் எண்ணம் இல்லாவிட்டால் ஊசியை உருவிப் பிரித்துவிடுங்கள். நூல் திரும்பக் கிடைக்கும். யாருக்காவது கொடுக்கலாம்.

எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவீர்களா?

மாட்டேன். கணக்கைப் பாருங்கள்: 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 20 கண்ணி, 28 வரிசை என்றால் 560 கண்ணி. பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டர், கைகளையும் சேர்த்து, ஏறக்குறைய 90 சதுரம் வரும். 50,000 கண்ணி. நிமிஷத்துக்கு 25 போட்டாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல், தைப்பதும் பிரித்துப் போடுவதும் தனி. அதை நீங்கள் ஒரு முறை போட்டுவிட்டு "கழுத்தில் குத்துகிறது" என்பீர்கள்.

தொப்பி வேண்டுமானால் பின்னித் தருகிறேன். தலைச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அனுப்புங்கள். நிறத்தை நான்தான் முடிவு செய்வேன், சாம்பல் நூல் இன்னும் நிறைய மீதம் இருக்கிறது.